என்ஜினைப் பிரித்த ஊர்

2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கிய நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோயம்புத்தூரில் வளர்ந்தவர் என்று ஊரே கொண்டாடியது. அவர் பந்தயம் பழகிய ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியும் கோவையில் பிறந்ததுதான் என்பது அந்தக் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போயிற்று. வேகத்தின் மீது மோகம் பம்பாய்க்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் ஓர் என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அளந்து, தேய்ந்ததைச் சரிக்கட்டி, முன்னைவிட வலுவாகத் திரும்பப் பூட்டும் வேலை கொங்கு நாட்டில்தான் ஊர்த்தொழில்போல வேர்விட்டது. அதற்கான காரணத்தைப் பந்தயத் தடத்தில் தேடினால் கிடைக்காது. கிணற்றிலும் பேருந்திலும் பஞ்சாலையிலும் தேட வேண்டும்.

பேருந்திலிருந்து தொடங்கலாம். கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, வாங்கிய கையோடு பிரித்துப் போட்டுக் கற்றார் என்ற கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கதையைவிட முக்கியமானது அதற்குப் பிறகு வந்த கணக்கு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு அவர் தொழிலைத் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. பேருந்து முதலாளிக்கு ஓடாமல் நிற்கும் வண்டி ஒவ்வொரு நாளும் நட்டம். உதிரிபாகம் கப்பலில் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. புஷ்ஷைக் கடைந்துகொள், சிலிண்டரைக் குடைந்துகொள், இல்லையென்றால் தடத்தை அடுத்தவனுக்கு விடு என்பதுதான் நிலைமை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்ததும் பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. வேறோர் எரிபொருளுக்காகச் செய்த என்ஜினைக் கரி வாயுவில் ஓடவைக்க, அது உள்ளே எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பந்தய என்ஜின் கட்டுபவனுக்கும் அடிப்படைப் பாடம் அதுதான்.

கிணற்றின் பங்கு இன்னும் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தப் பூமியில் தண்ணீர் ஆழத்தில் இருந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் 1932இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு மெல்ல மாறத் தொடங்கியது. பம்பு வேண்டியிருந்தது. பம்புக்கு வார்ப்படம் வேண்டும், தண்டு கடைய லேத் வேண்டும், மோட்டார் வேண்டும். நாட்டின் முதல் மின்மோட்டார்களில் ஒன்று 1937இல் நாயுடுவும் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தால் பெயர்பெற்ற பாலசுந்தரமும் சேர்ந்து இங்கே செய்ததுதான். பீளமேட்டில் 1926இலேயே தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பயிற்சியையும் உற்பத்தியையும் ஒரே கூரைக்குள் வைத்தது. இந்தத் தேவைகளெல்லாம் சேர்ந்து கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பகுதிகளில் வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகளாகப் பெருகின. ஒரு பட்டறையில் ஒன்றிரண்டு இயந்திரம், கையில் ஒன்றிரண்டு வேலை. மற்றதெல்லாம் பக்கத்துத் தெருவுக்கு ஜாப் ஒர்க்காகப் போகும்.

பந்தய என்ஜினை வீட்டிலேயே கட்டுவது என்றால் என்ன என்று பார்த்தால் இந்தப் பட்டறை வரிசையின் மதிப்பு புரியும். வீட்டில் செய்ய முடிவது பிரிப்பதும் அளப்பதும் பூட்டுவதும். சிலிண்டர் சுவர் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தால் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதாகக் குடைந்து, ஹோனிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்க வேண்டும். கிராங்கின் ஜர்னல்களைக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். கனெக்டிங் ராடுகளை எடை போட்டு ஒன்றுக்கொன்று சமமாக்க வேண்டும். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் கம்ப்ரஷன் ஏறும். அளவு மீறினால், அந்நாளைய ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் என்ஜின் நாக் ஆகிப் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். இத்தனை இயந்திரங்களையும் ஒருவர் சொந்தமாக வாங்கினால் கட்டுபடியாகாது. கோவையிலோ எல்லாம் சைக்கிள் தூரத்தில் இருந்தன. பம்புத் தண்டின் பேரிங் இருக்கையைப் பிசகாமல் கடைகிற கைக்குக் கிராங்க் ஜர்னல் அன்னியமான வேலை இல்லை.

இதையெல்லாம் விடுங்கள், பந்தயம் பணக்காரர் பொழுதுபோக்கு, மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இருந்திருக்காது என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. ஃபார்முலா மாருதியை உருவாக்கிய கரிவரதன் லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர். ஆனால் சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்ட மன்னர் வீட்டாரும் பெருமுதலாளிகளும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தார்கள். அவர்களில் வசதி மிக்கவர்கள் வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்தார்கள். கரிவரதன் செய்தது வேறு. 1983 கடைசியில் சந்தைக்கு வந்த மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினை எடுத்து, குழாய்ச் சட்டம் கட்டி, 1988இல் ஒரு பந்தய வகுப்பையே உண்டாக்கினார். எங்கும் உதிரிபாகம் கிடைக்கும் குடும்பக் காரின் என்ஜின் அது; செலவு குறைந்ததால் இளம் ஓட்டுநர்கள் உள்ளே வந்தார்கள். பணம் அவருக்கு நேரம் கொடுத்தது. அந்த நேரத்தில் இப்படி ஒரு வண்டியைச் செய்து பார்க்கும் துணிவு, பட்டறைகள் சூழ்ந்த ஊரில் வளர்ந்ததால் வந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

அத்துடன், ஒரே மாதிரி வண்டிகள் ஓடும் வகுப்பில் என்ஜின்காரரின் திறமை தலைகீழாகிறது. ஒரு வண்டியை மட்டும் ரகசியமாக வேகமாக்குவது இங்கே குற்றம். வரிசையில் நிற்கும் அத்தனை என்ஜின்களும் ஒரே அளவு சக்தி தர வேண்டும். ஆயிரக்கணக்கான கதிர்களில் ஒரே நூலை இழுக்கும் பஞ்சாலையின் ஒழுக்கம் அது. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்த பிறகும் வேலை நிற்காததற்கு இது ஒரு காரணம். 1937இல் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கி, சங்கிலி உற்பத்திக்குப் பெயர்போன எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரில் ஃபார்முலா எல்.ஜி.பி. வகுப்பு வந்தது, ஸ்விஃப்ட் காரின் 1.3 லிட்டர் என்ஜின் அதில் ஓடியது. செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் ஓடுதளத்துக்குக் கரிவரதன் பெயரையே வைத்தார்கள்.

இன்னோர் ஆட்சேபம் கனமானது: கோவை சொந்தமாக ஒரு பந்தய என்ஜினை வடிவமைத்து உலகத்துக்குக் கொடுக்கவில்லை, மாருதியும் ஸ்விஃப்ட்டும் ஜப்பானின் மூளை. மறுக்க இடமில்லை. பழுது பார்ப்பதில் ஊறிய ஊர், வெற்றுத்தாளில் புதிதாக வரைவதில் பின்தங்கியது. உடனே கூலி வரும் வேலையே பட்டறையைக் காப்பாற்றியது, ஆண்டுக்கணக்கில் பலன் தராத ஆராய்ச்சியை அது தாங்காது. தட்டுப்பாட்டைத் திறமையின் தாய் என்று புகழ்கிறவர்கள் இந்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும்.

இன்று ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டியோடு கரிவரதன் பெயர் தாங்கிய அந்த ஓடுதளத்துக்கு வருகிறார்கள். அவினாசி சாலையில் ஜீடி அருங்காட்சியகம் 2015 முதல் பழைய கார்களைக் காத்துவருகிறது. அந்தக் கார்களை ஓடவைத்த லேத்காரர்களின் கைக்கணக்கு, எந்த வார்ப்படத்தை எவ்வளவு குடையலாம், எந்த ஹெட்டை எதுவரை சீவலாம் என்ற அறிவு, பெரும்பாலும் வாய்வழியாகவே புழங்குகிறது. பி.எஸ்.ஜி.யும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் ஒரு பருவத்து மாணவர்களை நோட்டும் மைக்ரோமீட்டருமாக அந்தப் பட்டறைகளுக்கு அனுப்பி, அந்த மூத்த தலைமுறை இருக்கும்போதே அதை எழுதி வாங்கட்டும்.