மரியான் குன்று நடைவழிகள்

மரியான் என்பது குரோவாசியா நாட்டின் ஸ்பிளிட் நகரத்துக்கு மேற்கே, தீபகற்பத்தின் முனையில் அமைந்துள்ள காடடர்ந்த குன்று ஆகும். இதன் மிக உயர்ந்த சிகரமான டெலெகிரின் கடல் மட்டத்திலிருந்து 178 மீட்டர் உயரமானது. உரோமைப் பேரரசர் டயோக்கிளீசியன் 305 ஆம் ஆண்டில் பதவி துறந்தபின் வாழ்ந்த அரண்மனையைச் சுற்றி வளர்ந்த நகரம் ஸ்பிளிட். அரண்மனையும் பழைய நகரமும் 1979 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. அரண்மனைக்கு வரும் பயணிகளில் பலர் மரியானைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். நுழைவுக் கட்டணமோ வழிகாட்டியோ தேவையற்ற இக்குன்றை அவர்கள் தவற விடுவது இழப்பே.

வழி

கடற்கரைச் சாலையின் மேற்கிலுள்ள வேலி வரோசு என்னும் பழைய குடியிருப்பின் கற்படிகள் வழியாக ஏறினால் விதிலித்சா என்னும் காட்சிமேடையை அடையலாம். அதன் அருகில் 1573 இல் ஏற்படுத்தப்பட்ட யூதர் கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்கிருந்து தெற்குச் சரிவில் செல்லும் பாதை, புனித நிக்கோலசு சிற்றாலயத்தைக் கடந்து, பாறைச் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்ட புனித செரோம் ஆலயத்தை அடைகிறது. துறவிகள் வாழ்ந்த குகைகளை இங்கு காணலாம். தெற்குப் பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளால் ஆனது. வெயில் நேரடியாகத் தாக்கும். வடக்குச் சரிவு மென்மையானது, நிழல் மிகுந்தது, பெனே கடற்கரை வரை நீள்கிறது. மூன்று புறமும் கடல் இருப்பதால் வழி தவறுவது அரிது. கோடையில் தண்ணீர் எடுத்துச் செல்வது நன்று.

காடு

இக்காடு இயற்கையானதென்று பலர் எண்ணுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குன்று பெரும்பாலும் மொட்டைப் பாறையாகவே இருந்தது. 1852 இல் அலெப்போ பைன் மரங்களை நடும் பணி தொடங்கியது. 1903 இல் உருவான மரியான் சங்கம் அதனை விரிவாக்கியது. வறட்சியையும் மண்வளக் குறைவையும் தாங்குவதால் பைன் தேர்ந்தெடுக்கப்பட்டது. இதனிடையே சைப்பிரசு, கரோப், பசுமை மாறா ஓக், ரோசுமேரி ஆகியனவும் காணப்படுகின்றன. கோடை நண்பகலில் சில்வண்டுகளின் ஓசை பேச்சுக் குரலையும் மறைத்துவிடும்.

பட்டை வண்டுத் தாக்குதல்

ஒரே இனமாக நெருக்கமாக நடப்பட்டதே இக்காட்டின் பலவீனமாயிற்று. 2017 அளவில் பட்டை வண்டுகளின் தாக்குதல் வெளிப்பட்டது. இவற்றின் புழுக்கள் மரப்பட்டையின் உட்பகுதியைத் தின்பதால், இலைகளில் உருவாகும் உணவு கீழே செல்வது தடைபட்டு மரம் காய்ந்துவிடுகிறது. வறட்சியால் நலிந்த மரங்கள் முதலில் வீழ்கின்றன. நலமான மரம் பிசினைச் சுரந்து வண்டைத் தடுக்க வல்லது. அடுத்த தலைமுறை வண்டுகள் வெளியேறும் முன்னரே பாதிக்கப்பட்ட மரத்தை வெட்டி அகற்றவேண்டும் என்பதால் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. நகர மக்களில் பலருக்கு இது பெரும் வருத்தத்தை அளித்தது. பழைய ஒளிப்படங்களில் அடர்ந்து தெரியும் சரிவுகள் சில இன்று திறந்தவெளியாக உள்ளன. அவ்விடங்களில் வெட்டப்பட்ட அடிமரங்களுக்கு நடுவே முளைத்துவரும் இளம் பைன்களையும் ஓக் கன்றுகளையும் நடப்போர் காணலாம்.