பாளையங்கோட்டைக்கும் ஆய்க்குடிக்கும் நடுவே



பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறி ஒரு பக்கம் போனால் தேவர்குளம், மானூர் தாண்டித் திருநெல்வேலி. மறுபக்கம் சங்கரன்கோவில், அங்கே பஸ் மாறினால் தென்காசி. ஊனமுற்ற குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும் இடங்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்த இரண்டு திசைகளின் கோடியில்தான் இருந்து வந்திருக்கின்றன. நடுவழியில் இருக்கும் ஊரிலிருந்து, அதுவும் அந்த ஊரின் காலனியிலிருந்து, இந்த வரலாற்றைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்த உரை.

முதலில் கிழக்குத் திசை. 1890களில் பாளையங்கோட்டையில் மிஷனைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இரண்டு பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற குழந்தைகளுக்கும், பிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத குழந்தைகளுக்கும் பாடம் சொல்லித் தந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் வாசலே திறக்காத காலம் அது. அந்தப் பள்ளிகள் செய்தது சிறிய காரியமல்ல. ஆனால் அவை விடுதிப் பள்ளிகள். படிக்க வேண்டுமானால் குழந்தை ஊரையும் தாயையும் விட்டுப் போக வேண்டும்.

மேற்குத் திசையில் ஆய்க்குடி. 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1981இல் அவர் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள எஸ்.சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். பிறர் செய்யும் தருமமாக இருந்த சேவையை, ஊனமுற்றவர்களே முன்னின்று நடத்தியது பெரிய திருப்பம். சங்கம் பின்னாளில் கிராமங்களுக்கே பணியாளர்களை அனுப்பிப் பயிற்சி தரவும் தொடங்கியது. நாம் கவனிக்க வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது.

ஏன் என்றால், பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு ஒரு நாள் முகாமால் பெரிதாக எதுவும் நடக்காது. முதல் ஆறு வயதுக்குள், வாரந்தோறும், கை கால்களை அசைத்து, உட்கார, நிற்க, விழுங்கப் பழக்க வேண்டும். விட்டுவிட்டால் தசை இறுகி மூட்டு மடங்கிப் போகும். காது கேளாத குழந்தைக்கும் மொழி பதியும் வயது அதுதான். ஆகவே மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது வெறும் பஸ் கட்டணக் கேள்வி அல்ல. பீடி சுற்றியோ, நூறு நாள் வேலைக்குப் போயோ பிழைக்கும் தாய்க்கு, மையத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. நிலமும் மாதச் சம்பளமும் உள்ள வீடு அதைத் தாங்கும். நம் வீடுகள் நாலாவது வாரம் நிறுத்திவிடும். பிறகு 'அந்தம்மாவுக்கு அக்கறை இல்லை' என்று எழுதிவிடுவார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பட்டியல் சாதியினரில் ஊனமுற்றோர் 2.45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களில் 2.18 சதவீதம். 5 முதல் 19 வயது வரையுள்ள ஊனமுற்ற பிள்ளைகளில், நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நாடு முழுவதும் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. ஊனம் பிறப்பில் மட்டும் வருவதல்ல. கர்ப்பிணியின் வயிற்றுப் பசியிலும், தாமதமான பிரசவத்திலும், வைத்தியம் பார்க்காத காய்ச்சலிலும் அது வருகிறது.

சாதியையும் ஊனத்தையும் ஒரே கருத்துதான் நியாயப்படுத்தியது: முற்பிறவிப் பாவம். நம்மைச் சேரியில் வைத்த அதே கர்மக் கணக்கு, அந்தக் குழந்தையை வீட்டு மூலையில் வைத்தது. அண்ணல் அம்பேத்கர் 1920இல் தொடங்கிய முதல் இதழுக்கு 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன், என்று பெயர். அந்த ஊமைகளுக்குள், உண்மையாகவே பேச்சு வராத நம் பிள்ளையும் இருக்கிறாள்.

சட்டத்திலும் இந்த உறவு தெரிகிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு ஏறத்தாழ அதே சொற்களை எடுத்துக்கொண்டது. தண்டனையும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. நம் போராட்டத்தில் விளைந்த சொற்கள் அவை. அதே சட்டம் 1995 சட்டத்திலிருந்த ஏழு வகை ஊனங்களை 21 ஆக்கியது. 40 சதவீத ஊனமுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது.

உரிமை காகிதத்தில் இருக்கிறது. காலனிக்கு அதைக் கொண்டுவருவது நம் வேலை. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்கும் நம் இளைஞர்கள், ஊனச் சான்றையும் தேசிய அடையாள அட்டையையும் அதே முனைப்போடு வாங்கித் தர வேண்டும். அட்டை இருந்தால்தான், தகுதியுள்ளவர்களுக்கான மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுப்போட முடியும். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு, காலனிக் குழந்தைகளைப் பார்த்ததா என்று கேளுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு.

கிராமசபையில் நாம் சுடுகாட்டுப் பாதையும் குடிநீரும் கேட்கிறோம். அவற்றோடு இனி மூன்று தீர்மானங்கள் சேரட்டும்: வாரம் ஒரு நாள் பயிற்சி ஊருக்குள்ளேயே நடக்க வேண்டும், அது காலனிக்காரர்களும் தயங்காமல் நுழையக்கூடிய பொதுக் கட்டடத்தில் நடக்க வேண்டும், குழந்தையோடு வெளியூர் மையத்துக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலி ஈடுசெய்யப்பட வேண்டும்.

பாளையங்கோட்டையும் ஆய்க்குடியும் வழி காட்டின. இனி அந்தத் தூரத்தை நடக்க வேண்டியது அரசு. குழந்தையைத் தூக்கிய தாய் அல்ல.

ஜெய் பீம்.