கடற்கரையில் குறிப்பெடுத்தவர்கள்



தூத்துக்குடியிலிருந்து ஏரல் செல்லும் பேருந்தில் ஏறினால் வழியில் சாயர்புரம் வரும். சாமுவேல் சாயர் என்பவரின் பெயரைத் தாங்கிய ஊர்; ஜி.யூ. போப் கல்விக்கூடம் நடத்திய ஊர். அதன் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் தாமிரபரணிக் கரை, தெற்கே நம் காயல்பட்டினம். அரசாங்கம் தன் குடிகளை எந்த அளவுக்கு உற்றுப் பார்க்கலாம், ஒட்டுக் கேட்கலாம் என்ற கேள்வி கைப்பேசியோடு பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முத்துக்குளிக்கும் இந்தக் கரைக்கோ அது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய கேள்வி.

1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாயை, ஒருவராகவே ஏற்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் கப்பலின் படம் இருக்கும் அளவுக்கு இந்தப் பெயர் இருப்பதில்லை. அது வேறு வருத்தம், இங்கே விரிக்கவில்லை.

1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் பேசினர். மக்கள் கேட்டனர், காவல்துறையின் ஆட்களும் நின்று குறிப்பெடுத்தனர். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலகமும் துப்பாக்கிச் சூடும். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அதற்குள் கப்பலும் போயிற்று, சங்கமும் போயிற்று.

வழக்கின் உயிர் அந்தக் குறிப்பேடுகளில் இருந்தது. அன்று தமிழ்ப் பேச்சை அப்படியே பிடிக்கும் சுருக்கெழுத்துப் பயிற்சி காவலர்களிடம் இல்லை. விரைந்து பேசும் ஒருவரின் சொற்களை முழு எழுத்தில் எழுதிக்கொண்டே போனால் எத்தனை சொல் தப்பும், எத்தனை சொல் எழுதுபவரின் நினைவிலிருந்து வந்து சேரும்? சுதேசிக் காலத்து மேடைப் பேச்சைப் பிடிக்க வேண்டும் என்ற காவல்துறையின் தேவை தமிழ்ச் சுருக்கெழுத்தின் வளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்று அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பேட் எழுதியுள்ளார். தட்டச்சுப் பயிலகங்களில் நம் பெண்மக்கள் கற்ற அந்தக் கலையின் வேரில் ஓர் உளவுத் தேவையும் இருந்திருக்கிறது.

கண்காணிப்புக்குக் காரணமே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அண்மைக் காலத்தில், 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைக் கொண்டுபோயின. சதியை முன்கூட்டி அறிந்து தடுப்பது எந்த அரசுக்கும் கடமை. அந்த அதிகாரத்தை யார் கையில், எந்த வரம்போடு சட்டம் கொடுக்கிறது என்பதில்தான் தொல்லை.

1918-ல் நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையிலான குழு அளித்த அறிக்கையில் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. சிதம்பரனாரின் பேச்சும் திருநெல்வேலிக் கலகமும் ஆஷ் கொலையும் அதில் இடம்பெற்றன. அந்த அறிக்கையின் வழியே பிறந்தது 1919 மார்ச்சில் நிறைவேறிய ரௌலட் சட்டம். சந்தேகத்துக்கு உள்ளானவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும், இன்ன நாளில் காவல் நிலையத்தில் வந்து நிற்க வேண்டும் என்று கட்டளையிடலாம். சட்டமன்றத்தில் மக்கள் தரப்பு இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தனர். அரசுத் தரப்பின் வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. ஜின்னா, மதன் மோகன் மாளவியா, மஸ்ஹருல் ஹக் ஆகியோர் தங்கள் உறுப்பினர் பதவியையே துறந்தனர். அந்த மாத இறுதியில் காந்தியடிகள் தூத்துக்குடிக்கும் வந்து சத்தியாக்கிரகம் பற்றிப் பேசினார். நாடு கொதித்ததும் ஜாலியன்வாலாபாக்கில் குருதி சிந்தியதும் அனைவரும் அறிந்தவை. பலர் அறியாதது, அந்தச் சட்டம் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாமலே 1922-ல் நீக்கப்பட்டது என்பது. இத்தனை உயிர்களைக் காவு கொண்ட சட்டம், அது இல்லாவிட்டால் நாடே அழியும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட சட்டம்!

ரௌலட் சட்டத்துக்குக் கிடைத்த எதிர்ப்பு மற்றொரு சட்டத்துக்குக் கிடைக்கவில்லை. 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் தென்மாவட்டத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர், ஆப்பநாட்டு மறவர் முதலிய சமுதாயங்களில் பிறந்ததே குற்றம் என்றாயிற்று. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைக்கும் அதே விதிதான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது சுட்டதில், பெண் ஒருவர் உள்பட 15-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் இயக்கம் நடத்தினார். 1947-ல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறொரு சட்டம் வந்துவிட்டது. ஒரு சமுதாயம் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைப்பது எத்தகைய அவமானம் என்பதை நம் அண்டை வீட்டார் நமக்கு முன்பே பட்டறிந்தனர். அவர்களுக்காக அன்று நாம் எவ்வளவு குரல் கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்வதும் தகும்.

விடுதலைக்குப் பின்னும் இரவில் கதவு தட்டும் வழக்கம் ஓயவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் சான்றில்லை என்று விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்து, நள்ளிரவில் வீட்டுக்கு வந்து எழுப்பினர். 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையை மட்டும் செல்லாது என்றது; பின்தொடர்வதையும் நோட்டமிடுவதையும் விட்டுவிட்டது. முழுவதும் தவறு என்று மாற்றுத் தீர்ப்பெழுதினார் நீதிபதி சுப்பா ராவ். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கூடிச் சொல்ல 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த வழக்கைப் படிக்கும்போது உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டுச் சுவர் ஏறி உள்ளே குதித்த கலீஃபாவிடம், தவறு செய்துகொண்டிருந்த அம்மனிதர், நான் செய்தது ஒரு குற்றம், தாங்கள் செய்தவை மூன்று என்றாராம்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் கூறி அனுமதி கேளாதது. கலீஃபா அவரை விட்டுவிட்டார். ஆயினும் மக்கா வெற்றிக்கு முன் ஹாதிப் (ரலி) குறைஷியருக்கு எழுதிய கடிதத்தை வழியிலேயே கைப்பற்ற நபி (ஸல்) அவர்கள் ஆள் அனுப்பியதையும் நாம் மறக்கலாகாது. அங்கே தேடப்பட்டது குறிப்பிட்ட ஒரு கடிதம். எல்லோருடைய மூட்டையும் அவிழ்க்கப்படவில்லை. எழுதியவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள், கேட்டபின் மன்னித்தார்கள்.

நம் நாட்டில் தொலைபேசியை ஒட்டுக் கேட்க அடிப்படையாயிருந்தது 1885-ன் தந்திச் சட்டம். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற இரு சொற்றொடர்களே அதன் வாசல். 1996-ல் உச்ச நீதிமன்றம் சில வேலிகள் போட்டது: உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும், இரண்டு மாதமே செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஆய்வுக் குழு பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் அரசு அதிகாரிகளே இருக்கிறார்கள். நீதிபதி எவரும் இல்லை. கேட்கச் சொல்பவரும் கேட்டது சரியா என்று பார்ப்பவரும் ஒரே அலுவலகத்து ஆட்கள் என்றால் அதை மேற்பார்வை என்று எப்படி அழைப்பது?

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011-ல் பிறப்பித்த ஓர் ஒட்டுக் கேட்பு ஆணையை ரத்து செய்தார். இலஞ்ச வழக்கைத் துப்பறிவது பொது நெருக்கடியாகாது என்றார். ஏறத்தாழ அதே வேளையில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், பெரும் ஊழலும் பொதுப் பாதுகாப்பைத் தொடுவதே என்றது. ஒரே சொற்றொடருக்கு இரண்டு பொருள். சட்டம் இயற்றியவர்கள் தெளிவாக எழுதாததை நீதிபதிகள் ஊருக்கொரு விதமாகப் படிக்கின்றனர்.

எழுதித் திருத்தும் வாய்ப்பு ஒன்று வந்தது. தந்திச் சட்டத்துக்கு மாற்றாகத் தொலைத்தொடர்பு மசோதா 2023 டிசம்பர் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1885-ன் அதே சொற்றொடர்கள் அப்படியே அமர்ந்தன. நீதிபதியின் முன் அனுமதி அதில் சேரவில்லை. அந்த நாட்களில், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து விளக்கம் கேட்டு அமளி செய்ததற்காக, இரு அவைகளிலும் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தனர். டிசம்பர் 14 அன்றே இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவர், சாயர்புரம் அடங்கிய தூத்துக்குடித் தொகுதியின் உறுப்பினர் கனிமொழி. 1919-ல் எதிர்த்து வாக்களித்துத் தோற்க நம் தரப்பினர் அவைக்குள்ளாவது இருந்தார்கள்.