கல்வராயனும் அரையன் என்னும் விருதும்

கல்வராயன் மலையின் பெயர் 'கள்வர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்றும், கள்வர்க்கு அரசனாய் ஒருவன் அம்மலைமேல் வீற்றிருந்தான் என்றும், அவனை முன்னிட்டே அடிவாரத்து ஊர் கள்ளக்குறிச்சி ஆயிற்று என்றும் மேடைதோறும் முழங்குவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறதேயன்றிக் குறையக் காணோம். ஒரு மலைநாட்டார் முழுவதையும் திருடர் வழியினர் ஆக்குவதற்கு ஓர் எழுத்தை மாற்றினால் போதும் என்பது இவர்கள் சித்தாந்தம் போலும். அகநானூற்றில் மாமூலனார் பாடும் புல்லி கள்வர் தலைவன் அல்லவா என்று பிரமாணம் காட்டுவாரும் இவர்களுள் உளர். புல்லிக்கு உரிய மலை வேங்கடம். வேங்கடத்தைப் பெயர்த்துக் கொணர்ந்து கோமுகி ஆற்றங்கரையில் நாட்டும் அதிகாரம் ஆராய்ச்சியாளனுக்கு இல்லை.

மலையின் பெயரில் நிற்பது லகரம். பேச்சிலும் லகரம், வட்டத்தின் அரசாங்கப் பெயரிலும் லகரம். கள்ளக்குறிச்சியில் ளகரம் எழுதுகிறோமே என்பாராயின், அவ்வூரார் தம் ஊரைச் செல்லமாகச் சுருக்கி வழங்கும் பெயர் 'கல்லை' என்பதை அவர்கள் செவிகொடுத்துக் கேட்டதில்லை என்றே கொள்ள வேண்டும். குறிச்சி குறிஞ்சி நிலத்து ஊர்ப்பெயர் என்பது நிகண்டு பயின்ற சிறுவரும் அறிந்தது; கல் என்பதற்கு மலை என்று பொருள் கொள்வதும் சங்கப் பாடல் படித்தார்க்குப் புதிதன்று. மலையடி ஊருக்கு மலையும் குறிஞ்சியும் சேர்ந்து பெயராய் அமைவதில் வியப்பு என்ன இருக்கிறது? கள்வனை அழைக்க வேண்டிய தேவை எங்கே வந்தது?

இனி, பெயரின் பிற்பகுதியாகிய 'ராயன்' என்பதே நம் விசாரணைக்கு உரியது. வடமொழி ராஜன் பிராகிருதத்தில் ராய என மெலிந்து, ரகரம் மொழிக்கு முதலில் வாராத தமிழில் அகரத்தை முன்னே பெற்று, அரையன் என நின்றது; அரசன், அரைசன் என்பனவும் அவ்வழியினவே. இது தூய தமிழ் வேரில் முளைத்தது என்று வாதிடும் நண்பர்களோடு இங்கே மல்லாட எனக்கு விருப்பமில்லை. வேர் எதுவாயினும், அச்சொல் தமிழ்நாட்டில் பட்ட பாடே சுவையானது. திருவரங்கத்தில் ஆழ்வார் பாசுரங்களை அபிநயத்தோடு சேவிப்போர் அரையர். மலையாளக் கடற்கரையில் வலை வீசுவோரும் அரையர். அரசனைக் குறிக்கப் பிறந்த சொல் பாடுவானுக்கும் மீன் பிடிப்பானுக்கும் உரியதாகுமாறு இறங்கி வந்த வழியைப் பின்பற்றிச் சென்றால், பேரரசுகள் தம் கைக்கு எட்டாத நிலத்தை எவ்வாறு ஆண்டன என்பது புலனாகும்.

தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் காலத்தில் இவ்விருது இல்லை. அதற்கு வேண்டுதலும் இல்லை. மூவேந்தருள் ஒருவர் தமக்குத் துணையாக வருமாறு பொருள் அனுப்பி அவனை வேண்டினர் என்று புறநானூற்றில் கபிலர் பாடுகிறார். வேந்தன் கொடுப்பவனாகவும் மலைத்தலைவன் கொள்பவனாகவும் இருந்த காலம் அது. அவனுடைய மக்களையே பின்னர்ச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடத் துணிந்ததும், கோவூர்கிழார் இடைப்புகுந்து தடுத்ததும் அந்நூலே கூறும் செய்தி. விலை கொடுத்து வாங்குதல், வேரோடு அழித்தல் என்ற இரண்டு வழிகளே அப்போது வேந்தர்க்குத் தெரிந்திருந்தன.

மூன்றாவது வழியைப் பிற்காலச் சோழர் கண்டனர். அது விருது கொடுத்தல். மலையமான் நாடு மலாடு எனவும் மிலாடு எனவும் சுருங்கியது போலவே அதன் தலைவரும் சோழருக்கு அடங்கிச் சுருங்கினர். ஆனால் பெயரில் மட்டும் வளர்ந்தனர். அவர்கள் சேதிராயர் ஆயினர். மகாபாரதத்துச் சேதி எங்கே, பெண்ணையாறு எங்கே என்று கேட்பது வீண். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு சேதி நாட்டுத் திருக்கோவலூரிலேயே நிகழ்கிறது என்றால், அப்பெயர் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும். முதலாம் இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தவள். இக்குலத்துக்குக் கபிலர் பாரிமகளைக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததையும், அவ்வரசி தன் சிறுமகவை நீத்துக் கணவனோடு தீப்புகுந்ததையும் திருக்கோவலூர் வீரட்டானத்துக் கல்வெட்டு ஒன்றே சேர்த்துச் சொல்கிறது. மண உறவும், பழம்பாட்டின் பெருமையும், வடநாட்டுக் குலப்பெயரும் ஒருங்கு கூடிய இடத்தில் வாளுக்கு வேலை குறைகிறது.

இவ்விருதுகளைச் சோழர் வழங்கிய முறையைப் பாருங்கள். அந்தண அதிகாரிக்குப் பிரமராயன். நிலமுடைய வேளாளனுக்கு மூவேந்தவேளான். படைத்தலைவருக்குப் பல்லவரையன், விழுப்பரையன். தோற்ற பல்லவனின் பெயரையே தம் ஊழியனுக்குச் சூட்டி மகிழ்ந்த நயம் வேறு எந்த நாட்டாருக்கு வாய்த்தது என்று எண்ணத் தோன்றும். உரோமரும் இவ்வித்தையில் தேர்ந்தவர்களே. கி.மு. 40-இல் யூதேயா பகைவர் கையில் இருக்கும்போதே, உரோமாபுரியின் ஆட்சிமன்றம் ஏரோதுவை அந்நாட்டு அரசன் என்று அறிவித்தது. பட்டத்தைப் பெற்றுக்கொண்ட பிறகு நாட்டைப் பிடிப்பது அவன் பாடு.

ஆனால் விருதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதனைப் பெற்றவன் ஒருநாள் அதை மெய்யென்று நம்பிவிடக் கூடும். காடவராயன் என்ற பெயரோடு சோழருக்குச் சாமந்தனாய் இருந்த குலத்தில் வந்த கோப்பெருஞ்சிங்கன், 1231-ஆம் ஆண்டு மூன்றாம் இராசராசனைப் பிடித்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள தன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள வீரநரசிம்மனின் தண்டநாயகர் அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் வந்து சக்கரவர்த்தியை விடுவித்த வரலாற்றைத் திருவயிந்திபுரத்துக் கல்வெட்டு விரித்துரைக்கிறது. அவ்வுதவிக்காகப் போசளன் 'சோழராச்சியப் பிரதிஷ்டாச்சாரியன்' என்று புகழப்பெற்றான். சிறைப்பட்ட சோழன் பெயரளவிலாவது அரியணையில் இருக்க வேண்டும் என்பதை அவன் உணர்ந்திருந்தான். காடவர் குலமோ அதோடு நிற்கவில்லை. அக்குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் பின்னர்ச் 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்றே கல்வெட்டுக்களில் விளங்குகிறான். ராயன் சக்கரவர்த்தியாகிவிட்டான், சொல்லின் ஏணியில் ஏறிவிட்டான் என்று சொல்லலாம்.

1336-ஐ ஒட்டி எழுந்த விசயநகரத்தில் இச்சொல் மீண்டும் உச்சியை அடைந்தது. அகரத்தை உதறிய தனி 'ராயர்' அங்கே பேரரசனுக்கே உரியது. கீழ்ப்பட்டவர் நாயக்கரும் பாளையக்காரரும் ஆயினர். கல்வராயன் மலையில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூவர் ஆண்ட பாளையங்கள் கிருஷ்ணதேவராயர் அளித்தவை என்று மலையார் வழிவழியாகச் சொல்வர். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறிய அண்ணன் தம்பியர் வழியினர் என்று கூறிக்கொள்ளும் மலையாளிகள் (கேரளத்தார் அல்லர், மலையை ஆள்பவர், தமிழே பேசுவோர்) இவர்கள் ஆட்சியில் வாழ்ந்தனர். கவுண்டன் என்னும் சொல் கன்னடக் கல்வெட்டுக்களில் காமுண்டன், காவுண்டன் என ஊர்த்தலைவனைக் குறிக்கும். அது தனிக் கட்டுரைக்கு உரியது. முகம்மதியர் ஆட்சியின் பாரசீகச் சொல்லாகிய ஜாகீர் இவர்கள் பாளையத்துக்கு ஏறியது. இடத்தைப் பிடித்திருப்பது என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இதைவிட ஒளிவுமறைவற்ற விருது வேறில்லை. ஆங்கிலேயரும் அவர்களைக் கலைக்காமல் விட்டுவைத்தனர். சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்த பிறகும் இந்த மலைத் துரைத்தனம் நீடித்து, 1976-இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ராயர் போனார், நவாபு போனார், கும்பினியார் போனார், வெள்ளைக்கார ராணியும் போனார். விருது பெற்றவன் மட்டும் மலைமேல் வரி வாங்கிக் கொண்டிருந்தான்.

ஆகவே மலைப்பெயரில் உள்ள ராயன் கள்வர் தலைவன் அல்லன். ஆதியில் மலைத்தலைவனுக்கு உரிய பட்டப்பெயரே அது. 'ராயன்' விளங்கியது, இடையில் வகரம் எப்படி வந்தது என்று எதிர்வாதி கேட்பான். கேட்கட்டும். வரை என்பது மலை. பார்வதியின் தந்தையை மலையரையன் என்பது போல வரைக்குத் தலைவன் வரையரையன். வரையரமகளிர் என்ற தொடர் நமக்குப் பழக்கமானதே. கல்வரையரையன் என்பதில் ஒத்த ஒலிகள் அடுத்தடுத்து நிற்க, ஒன்று கெட்டுக் கல்வராயன் ஆயிற்று என்று ஊகிக்கலாம். மலையமான் நாட்டை மலாடு ஆக்கிய நாவுக்கு இது அரிதன்று. இதற்கு ஒப்பு அண்டை மலையிலேயே இருக்கிறது. ஏற்காட்டு மலைக்குப் பெயர் சேர்வராயன். அங்கும் அதே 'வராயன்' நிற்கிறது. அங்கே எந்தக் கள்வனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? கல்வரையை அடுத்துச் சேர்ந்த வரைக்கு அரையன் சேர்வரையரையன்; அவனே இன்று சேர்வராயனாய்ப் பூசை கொள்கிறான் என்பது கல்வெட்டுச் சான்று காட்ட இயலாத என் ஊகம்.