நுரையீரலும் சிறுநீரகமும் மட்டும் ஏன்? ஒரு கொலாஜன் துப்பறியும் கதை

கொலாஜன்னு சொன்னதும் இப்போ நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது, காபியில கலந்து குடிக்கிற பவுடர்தான். இன்னைக்கு நான் பேசப்போறது அதைப் பத்தி இல்ல. தோல், எலும்பு, ரத்தக்குழாய்னு உடம்பு முழுக்க இருக்கிற இந்தப் புரதத்தை நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே எதிரின்னு நினைச்சுட்டா என்ன ஆகும்?

கதை 1919-ல தொடங்குது. எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர்ங்கிற அமெரிக்க மருத்துவர், அப்போ உலகத்தையே உலுக்கின ஃப்ளூவில் இறந்தவங்களோட உடல்களை ஆராய்ஞ்சுட்டு இருந்தார். அதுல ஒரு 18 வயசுப் பையன். ஃப்ளூ வந்து சில வாரம் கழிச்சு இறந்தவன். நுரையீரல்ல ரத்தக்கசிவு, கூடவே சிறுநீரகத்துல அழற்சி. குட்பாஸ்ச்சர் இதை ஃப்ளூ கணக்குலதான் எழுதினார்.

1958-ல ஆஸ்திரேலியாவில் ரெண்டு மருத்துவர்கள், இதே மாதிரி 9 நோயாளிகளைப் பத்தி எழுதி, நோய்க்கு குட்பாஸ்ச்சர் பேரை வெச்சாங்க. அந்தப் பையனுக்கு வந்தது உண்மையிலேயே இந்த நோய்தானான்னு இன்னைக்கும் பலருக்குச் சந்தேகம். ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. அந்தக் காலத்துல இது வந்தா பெரும்பாலும் மரணம்தான்.

எல்லாரையும் குழப்பினது ஒரே கேள்வி. எங்கேயோ இருக்கிற நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

1967-ல அமெரிக்காவில் லெர்னர், கிளாசாக், டிக்சன்னு மூணு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. நோயாளிகளோட சிறுநீரகத்துல ஒட்டியிருந்த ஆன்டிபாடிகளைப் பிரிச்செடுத்து குரங்குகளுக்கு ஏத்தினாங்க. குரங்குகளுக்கும் சிறுநீரக அழற்சி வந்துச்சு. அதாவது கிருமி எதுவும் குற்றவாளி இல்ல, நோயாளியோட சொந்த ஆன்டிபாடிதான். இந்த விடை பல உயிர்களைக் காப்பாத்துச்சு. 1970-கள்ல லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில ரத்தத்தோட பிளாஸ்மாவை வெளியே எடுத்து மாத்தி ஆன்டிபாடியைக் குறைச்சாங்க. புதுசா உருவாகாம இருக்க மருந்தும் கொடுத்தாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா பிழைக்கலாம்ங்கிற நிலைமை வந்துச்சு.

சரி, அந்த ஆன்டிபாடி எதைப் பிடிக்குது? இங்கதான் கொலாஜன் வருது. கொலாஜனோட வடிவம், மூணு இழை முறுக்கின கயிறு மாதிரின்னு 1950-கள்ல சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆனா எல்லா கொலாஜனும் ஒண்ணு இல்ல. நாலாம் வகை கொலாஜன் கயிறாத் திரளாம, வலை மாதிரிப் பின்னி, ரத்தக்குழாய்ச் சுவருக்கு அடியில மெல்லிய விரிப்பா இருக்கும். அதுல ஆறு விதமான இழைகள் உண்டு. 1980-கள்ல அமெரிக்காவில் பில்லி ஹட்சன், ஸ்வீடன்ல யோர்கன் வீஸ்லாண்டர் ஆகியோரோட குழுக்கள் கண்டுபிடிச்சது இதுதான்: ஆன்டிபாடி முறுக்குப் பகுதியைத் தொடறதே இல்ல. ஆல்ஃபா 3-ங்கிற இழையோட நுனியில இருக்கிற ஒரு குமிழைத்தான் பிடிக்குது. அந்த இழை நிறைய இருக்கிற இடங்கள்: சிறுநீரகத்தோட வடிகட்டி, நுரையீரலோட காற்றுப்பை. பழைய கேள்விக்கு விடை அவ்வளவுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்தக் குமிழ்கள் சாதாரணமா ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிட்டு இருக்கும்ங்கிறது. ஆன்டிபாடி பிடிக்கிற இடம் பூட்டுக்குள்ள மறைஞ்சிருக்கு. பூட்டு கலைஞ்சாத்தான் அது வெளியே தெரியும்.

இன்னொரு புதிர். ஆன்டிபாடி இருக்கிற எல்லாருக்கும் நுரையீரல்ல ரத்தம் கசியறதில்ல. 1983-ல பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வைப் பாருங்க. சிகரெட் பிடிச்ச 37 நோயாளிகள், 37 பேருக்கும் கசிவு. பிடிக்காத 10 பேர்ல ரெண்டு பேருக்கு மட்டும்தான். சிறுநீரக வடிகட்டியோட ரத்தக்குழாய்ச் சுவர்ல இயல்பாவே சின்னச் சின்னத் துளைகள் உண்டு. ஆன்டிபாடி நேரா உள்ளே போயிடும். நுரையீரல்ல அந்தத் துளைகள் இல்ல. புகை அந்தச் சுவரைச் சேதப்படுத்தி வழி விட்டுடுது.

கடைசியா இதுக்கு நேர் எதிரான ஒரு நோய், ஆல்போர்ட். இது பரம்பரையா வர்றது. இவங்களுக்கு ஆல்ஃபா 3, 4, 5 இழைகள் சேர்ந்த அந்த விரிப்பே சரியா உருவாகாது. சிறுநீரகம் போகும், காதுலயும் இதே கொலாஜன் இருக்கிறதால கேட்கும் திறனும் குறையும். மாற்று சிறுநீரகம் வெச்சா பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. ஆனா சிலருக்கு மட்டும், உடம்பு தன் வாழ்நாள்லயே பார்க்காத கொலாஜனை முதல் தடவையா அந்தப் புது சிறுநீரகத்துல பார்க்குது. ஆன்டிபாடி உருவாகி அதைத் தாக்குது. நம்ம எல்லாருக்கும் சொந்தமான ஒரு பொருள், இவங்களுக்கு அந்நியம். நுரையீரல்ல மட்டும் இவங்களுக்குக் கசிவு வர்றதில்ல. அங்க தாக்குறதுக்கு அந்தக் கொலாஜன் கிடையாது.