பழைய றெகுலேற்றரா, புதியதா? சுழியோடிகள் தெரிந்திருக்க வேண்டியவை

வடக்கில் கடலட்டைக்காகச் சிலிண்டர் கட்டி இறங்குபவர்களிடம் இருக்கும் றெகுலேற்றர்களில் பல, கைமாறி வந்த பழையவை. சிலவேளை அவை சம்மாட்டியுடையவை, இறங்குபவருக்குத் தெரிவு இல்லை. 'பழசு இரும்பு மாதிரி, உடையாது. புதுசு பிளாஸ்ரிக். அதில என்ன கிடக்கு?' என்ற கேள்வியைக் கரையில் பலமுறை கேட்டிருக்கிறேன். உலோகமா பிளாஸ்ரிக்கா என்பது உண்மையில் மிகச் சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வல்வில் இருக்கிறது.

றெகுலேற்றருக்கு இரண்டு நிலைகள். சிலிண்டரில் பூட்டும் முதல் நிலை, 200 பார் அளவான அமுக்கத்தை, சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தைவிட 9 முதல் 10 பார் வரை கூடியதாகக் குறைத்துக் குழாய்க்குள் விடுகிறது. வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை அதை நாம் சுவாசிக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருகிறது. மூச்சை இழுத்தால் உள்ளிருக்கும் சவ்வு உட்குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் வல்வை இழுத்துத் திறக்கும். காற்று வரும். 1950களில் ஒற்றைக் குழாய்க் கருவிகள் பரவிய காலத்திலிருந்து அடிப்படை இதுதான்.

பழைய, எளிய வகையில் குழாயின் காற்று வல்வைத் திறக்கும் திசையில் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும். அதை மூடி வைத்திருப்பது ஒரு பலமான ஸ்பிரிங். சமநிலைப்படுத்திய வகையில் வல்வின் தண்டினூடாக ஒரு துளை போகிறது. அதன் வழியே காற்று வல்வின் பின்பக்கத்துக்கும் போய் அங்கிருந்தும் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சரியாகிவிடுவதால் மெல்லிய ஸ்பிரிங்கே போதும். முதல் நிலையின் அமுக்கம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மூச்சு இழுக்கும் பாரம் மாறாது.

ஆனால் 'பழைய வகை' என்றால் பழைய பொருள் என்று அர்த்தமில்லை. ஸ்கூபாப்ரோவின் ஆர்195 சமநிலைப்படுத்தாத எளிய வகை. அதே நிறுவனத்தின் ஜி260 சமநிலைப்படுத்தியது. ஆகவே வாங்கும்போது ஆண்டைவிட வகையைக் கேளுங்கள்.

பாரம் ஏன் முக்கியம்? 10 மீற்றரில் நாம் இழுக்கும் காற்று மேற்பரப்பில் இருப்பதைவிட இரு மடங்கு அடர்த்தி, 30 மீற்றரில் நான்கு மடங்கு. அட்டை தேடி நீந்தி, பையை இழுத்துக்கொண்டு திரிபவருக்கு மூச்சே ஒரு வேலையாகிவிடும். மூச்சு சரியாக வெளியேறாவிட்டால் உடலில் காபனீரொட்சைட்டு தேங்கும். தலையிடி, மூச்சு வாங்கல், பிறகு பதற்றம். பதறியவர் மூச்சை அடக்கியபடி மேலே ஓடினால் நுரையீரலே கிழியலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலிவான பழைய செற்றுகளில் சிலிண்டர் குறையக் குறைய மூச்சு இறுகும். அமுக்கமானி இல்லாமல் இறங்கும் சிலர் அந்த இறுக்கத்தைத்தான் 'முடியப்போகுது' என்ற அறிவிப்பாக வைத்திருக்கிறார்கள். இரு நிலைகளும் சமநிலைப்படுத்தப்பட்ட கருவி அப்படி அறிவிக்காது. கடைசிவரை இலகுவாகத் தந்துவிட்டு, சில மூச்சுகளுக்குள் நின்றுவிடும். அமுக்கமானி வாங்காமல் நல்ல றெகுலேற்றர் மட்டும் வாங்குவது, என் கணிப்பில், பழையதோடு இருப்பதைவிட ஆபத்து.

மூச்சை விடும் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. பழையவற்றில் வெளியேற்றும் இறப்பர் வல்வு பெரும்பாலும் சிறியது, காற்றைத் தள்ளி வெளியேற்ற வேண்டியிருக்கும். புதியவற்றில் பெரிது. ஐரோப்பிய இ.என். 250 தரம் இழுப்பதையும் விடுவதையும் சேர்த்தே, 50 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்தில் அளக்கிறது. கருவியில் அந்த இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உலோக உடலுக்கும் ஒரு நன்மை உண்டு: குளிர்ந்த உலோகத்தில் மூச்சின் ஈரம் படிவதால் வாய் குறைவாகக் காயும். பிளாஸ்ரிக் பாரம் குறைவு, நாளுக்குப் பல தடவை இறங்குபவரின் தாடைக்கு அது ஆறுதல். இந்த இரண்டுக்காக விலையைக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதற்குக் கொடுக்கலாம். பாகம் கிடைக்காத விலையுயர்ந்த கருவியைவிட, ஆண்டுக்கு ஒருமுறை திருத்தக்கூடிய எளிய கருவி மேல்.

பழையதை வாங்குவதானால் கரையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சிலிண்டரில் பூட்டாமல், முதல் நிலையின் மூடியை இறுக்கிவிட்டு வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வரக்கூடாது. வந்தால் சவ்வோ வெளியேற்று வல்வோ கிழிந்திருக்கிறது, அல்லது உடல் வெடித்திருக்கிறது. கடலில் அந்த வழியால் தண்ணீர்தான் வரும். பிறகு சிலிண்டரில் பூட்டித் திறந்து, இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள். ஓயாமல் காற்றுக் கசிந்தால் வல்வின் இறப்பர் இருக்கை தேய்ந்திருக்கலாம், அல்லது முதல் நிலையின் அமுக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே திருத்தக்கூடியவை, திருத்தாமல் இறங்கக்கூடாதவை.

எந்த றெகுலேற்றரும் நைதரசன் குமிழிகளைத் தடுக்காது. கால் இழுக்கும் நோய், மரத்துப்போதல், பக்கவாதம் எல்லாம் ஆழத்தாலும் நேரத்தாலும் வருபவை. இலகுவாக மூச்சு வருகிறதென்று அதிக நேரம் கீழே நிற்பவருக்கு நல்ல கருவியே வினையாகலாம்.

கழுவும்போது முதல் நிலையின் மூடியை இறுக்கி, இரண்டாம் நிலையை நன்னீரில் ஊறவிடுங்கள். முன்பக்கப் பொத்தானை அப்போது அமுக்கக் கூடாது. அமுக்கினால் வல்வு திறந்து, தண்ணீர் குழாய் வழியே முதல் நிலைவரை போய்விடும். பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், வைக்கும்போது அதை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறப்பர் இருக்கையில் பள்ளம் விழுவது குறையும்.