மின்கிற்றாரின் ரீங்காரமும் அதனை வென்ற வரலாறும்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒலியைப் பிறப்பித்த முயற்சிகளையே விரித்துரைப்பர். வேண்டாத ஒலியை விலக்கிய முயற்சிகளும் அவ்வரலாற்றின் ஒரு கூறே என்பதைப் பலர் கருதுவதில்லை. மின்கிற்றாரின் வளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். அக்கருவி தோன்றிய நாள் தொட்டுக் கால் நூற்றாண்டுக் காலம் அதனை விடாது தொடர்ந்த ரீங்காரம் எவ்வாறு எழுந்தது, எவ்வழியால் அடக்கப்பட்டது, அதன்பொருட்டு இசை கொடுத்த விலை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நடன வாத்தியக் குழுக்களிலே கிற்றார் இடம்பெற்றிருந்ததாயினும், பித்தளைக் குழல்களும் முரசுகளும் எழுப்பிய பேரொலியில் அதன் மெல்லிய நாதம் அமிழ்ந்தது. இக்குறையை நீக்க முயன்றவருள் ஜோர்ஜ் போஷாம் என்பார் முதன்மையானவர். 1931ஆம் ஆண்டில் அவர் உருவாக்கியதும், அடோல்ப் றிக்கன்பக்கருடன் சேர்ந்து விற்பனைக்குக் கொணர்ந்ததுமான கருவியிலே, உருக்குத் தந்திகள் இலாட வடிவான இரு காந்தங்களுக்கு ஊடாகச் சென்றன; தந்திகளின் கீழே செப்புக்கம்பிச் சுருளொன்று இருந்தது. தந்தி அதிர, காந்தப்புலம் மாறும்; புலம் மாறச் சுருளில் மின் பிறக்கும். இது 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட தூண்டல் விதியே. சுருளில் எழும் அச்சிறு மின்சைகையை விரியலாக்கி பன்மடங்கு பெருப்பித்து ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும். காந்தமும் சுருளும் சேர்ந்த இவ்வுறுப்பே பிக்-அப் எனப்படுவது. போஷாமுக்கு 1937இல் ஆக்கவுரிமை கிடைத்தது.

ஆயின் இவ்வமைப்பில் ஒரு குறை பிறப்பிலேயே அமைந்திருந்தது. காந்தப்புலத்தை மாற்றியது தந்தியா, பிறிதொன்றா என்பதைச் சுருள் அறியாது. அரங்கிலுள்ள மின்கம்பிகளையும் விரியலாக்கியினுள் இருக்கும் நிலைமாற்றியையும் சூழ்ந்து, ஆடலோட்டத்தின் காந்தப்புலம் இடையறாது மாறிக்கொண்டிருக்கின்றது. அமெரிக்காவில் அது செக்கனுக்கு 60 முறையும், இலங்கையிலும் ஐரோப்பாவிலும் 50 முறையும் ஊசலாடும். அவ்வூசலாட்டமும் சுருளிலே மின்னாகி, பெருகி, ரீங்காரமாய் ஒலித்தது. கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. எனவே அதற்குக் கீழுள்ளதை வடிகட்டி விடலாமே என்று ஒருவர் வினவக்கூடும். ரீங்காரமோ 60இல் நிற்பதன்று; 120, 180 என அதன் மடங்குகளும் உடனெழும். அவை கிற்றாரின் சுரங்களுக்கு நடுவே குடிகொள்வன. அவற்றை வடிகட்டின் இசையும் உடன் கழியும். இசை நுழைந்த வாயிலாலேயே இரைச்சலும் நுழைந்தமையால், வாயிலை அடைத்தல் இயலாதாயிற்று.

இத்தகைய இடர்ப்பாடு கிற்றாருக்கு முன்னரே தொலைபேசியில் தோன்றியிருந்தது. அயற்கம்பிகளின் தாக்கத்தால் உரையாடல் குலைவதைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல், செல்லும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கும் முறைக்கு 1881இல் ஆக்கவுரிமை பெற்றார். புறத்தாக்கம் இரு கம்பிகளிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழிக்கும் என்பது அதன் கருத்து. 1934இல் இலெக்ட்ரோ-வொயிஸ் நிறுவனம் எதிர்ச்சுருள் முறையால் ரீங்காரத்தை அடக்கியது. 1935இல் ஆர்மண்ட் நொப்லோ என்பார் போல்ட்வின் பியானோ நிறுவனத்துக்காக இரு சுருள்கள் கொண்ட பிக்-அப் ஒன்றுக்கு ஆக்கவுரிமை கோரினார். ஆகவே கருத்துப் புதிதன்று. அதனைக் கிற்றாரிலே நிலைபெறச் செய்ததே பின்வந்தோரின் சாதனை.

அச்சாதனைக்குரியவர் சேத் லவர். கலமசூ நகரிற் பிறந்த இவர், அங்கிருந்த கிப்சன் கிற்றார்த் தொழிற்சாலையில் விரியலாக்கிகளை வடிவமைத்தவர். விரியலாக்கியொன்றிலே நிலைமாற்றியின் ரீங்காரத்தைத் தடுக்க எதிர்ச்சுருளைப் பயன்படுத்திய அவர், அம்முறையைப் பிக்-அப்பிலும் புகுத்தலாமென எண்ணி, 1955ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவரது அமைப்பை இவ்வாறு விளக்கலாம். ஏறத்தாழ 5000 சுற்றுக்கள் கொண்ட சுருள்கள் இரண்டு அருகருகே உள்ளன. ஒன்றின் மின்னோட்டத் திசைக்கு மற்றையது எதிராகுமாறு அவை இணைக்கப்பட்டுள்ளன. புறத்தேயிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் சம அளவில், எதிரெதிர்த் திசையில் எழுவதால் ஒன்றையொன்று அழிக்கும். அவ்வாறாயின் தந்தியின் ஒலியும் அழியாதோ? அழியாது. ஒரு சுருளின் நடுவே காந்தத்தின் வடமுனையும், மற்றையதன் நடுவே தென்முனையும் வைக்கப்பட்டுள்ளன. தந்தியால் எழும் மின் முனைமாற்றத்தால் ஒருமுறையும் சுருளின் எதிரிணைப்பால் மறுமுறையும் திசை மாறுதலின், ஈற்றில் இரண்டும் ஒரே திசையில் அமைந்து கூடும். ரீங்காரத்துக்கோ காந்தமுனையோடு தொடர்பில்லை. அது ஒருமுறையே மாறும். தந்தியின் ஒலிக்கும் புறத்து இரைச்சலுக்கும் இடையே இருந்த இவ்வொரு வேற்றுமையைக் கொண்டே அவை பிரிக்கப்பட்டன. இதற்கு ஹம்பக்கர், அதாவது ரீங்காரத்தை எதிர்ப்பது, என்னும் பெயர் நிலைத்தது.

1957இல் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் கிற்றார்களில் இது பொருத்தப்பட்டது. லவர் வரைந்த மூலப் படத்தில் உயரத்தைச் சீர்செய்யும் திருகாணிகள் இல்லை. விற்பனையாளர் வேண்டியதாலேயே அவை ஒரு வரிசையிற் சேர்க்கப்பட்டன. அதே காலத்தில், கிறெற்ஷ் கிற்றார்களின் ரீங்காரத்தால் வருந்திய செற் அற்கின்ஸ் என்னும் கலைஞருக்காக, றே பட்ஸ் என்பார் தனித்து முயன்று அதே தீர்வைக் கண்டார். 1959இல் பட்ஸின் ஆக்கவுரிமை யூன் மாதத்திலும், முன்னரே விண்ணப்பித்த லவரினது யூலை மாதத்திலும் வழங்கப்பட்டன. பின்னர் கிப்சன் தன் பிக்-அப்பில் ஒட்டிய சீட்டிலே, லவரின் ஆக்கவுரிமை எண்ணை விடுத்து, லெஸ் போல் பெற்ற தந்திதாங்கி ஒன்றின் எண்ணை அச்சிட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. இரு சுருள்களும் தந்தியை ஈரிடங்களிற் கேட்கின்றன. தாழ்ந்த அதிர்வுகளில் அவ்விரு இடங்களும் ஒருங்கே எழுந்து தாழும். மிக நுண்ணிய மேலதிர்வுகளிலோ ஓரிடம் எழும்போது மற்றது தாழும். அப்போது அவையும் ஒன்றையொன்று குறைக்கும். ரீங்காரத்தை அழித்த கழித்தல் விதியே இசையின் மினுக்கத்திலும் சிறிது கழித்தது. தொடராக இணைத்த இரு சுருள்களின் கூடிய தூண்டலும் இதற்குத் துணைபோயிற்று. ஆகவே ஹம்பக்கரின் நாதம் தடித்தும் கனிந்தும் அமைய, ஒற்றைச் சுருளின் நாதம் கூர்மையாக ஒலித்தது. 1954இல் வெளிவந்த ஃபென்டர் ஸ்ட்ரற்றோகாஸ்டர் கிற்றாரின் கூரிய நாதத்தை விரும்பியோர் ரீங்காரத்தையும் உடன் ஏற்றனர். அதே நிறுவனம் 1957இல் தன் பிரிசிஷன் பாஸ் கிற்றாரின் சுருளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் இரு தந்திகளின் கீழ் வைத்தது. ஒரு தந்தியை ஒரு பாதி மட்டுமே கேட்டமையால், நுண்ணதிர்வு கழியாமலே ரீங்காரம் கழிந்தது.

எதிர்ச்சுருள் எல்லா இரைச்சலையும் நீக்குவதன்று. குழல்விளக்குகளும் ஒளியைக் குறைக்கும் சாதனங்களும் மின்புலத்தின் வழியாக உண்டாக்கும் கரகரப்புக்கு மருந்து வேறு. சுருளையும் கம்பிகளையும் உலோகத்தகட்டால் மூடி, அத்தகட்டைப் புவியோடு தொடுத்தல் வேண்டும். தந்திகளும் இவ்வாறே தொடுக்கப்படுவதால், வாசிப்பவர் அவற்றைத் தொட்டவுடன் கரகரப்புத் தணிவதைக் காணலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இரு கருவிகள் வெவ்வேறு வழியாகப் புவியோடு தொடுக்கப்படின், அவ்வழிகள் ஒரு வளையமாகி ரீங்காரத்தை எழுப்புவதுண்டு. அதனை ஒழிக்க எண்ணி விரியலாக்கியின் புவிமுனையை அகற்றிவிடுவோர் உளர். ரீங்காரம் ஒழியும், காவலும் உடன் ஒழியும். விரியலாக்கியில் பழுது நேரின் தந்தியே மின்னேறிய கம்பியாகும். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்சிலுள்ள சுவான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் முறையாகப் புவித்தொடுப்புச் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்தாக்குண்டு இறந்தார். அவர் கையில் கிற்றார் இருந்தது. பிழை எக்கருவியில் இருப்பினும், அதன் பாதை கலைஞனின் உடலாகின்றது.

அமைதிக்கு விலையுண்டு என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். நாதத்தின் மினுக்கத்தை விலையாகக் கொடுப்பதா, ரீங்காரத்தைப் பொறுப்பதா என்பது கலைஞனின் சுவைக்கு விடப்பட்டது. இருசாராரும் சிறந்த இசையைத் தந்துள்ளனர். புவித்தொடுப்பை விலையாகக் கொடுத்தல் சுவையின் பாற்பட்டதன்று. லவரும் பட்ஸும் இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள வேற்றுமையைப் பொறுமையோடு தேடி, வேண்டாததை மட்டும் விலக்க முயன்றனர். வேற்றுமையறியாது வெட்டி எறிபவன் தன்னைக் காப்பதையும் சேர்த்தே எறிகின்றான்.